பெயரின் வாலும் புத்தக அலமாரியும்

நூலகத்தில் புத்தகங்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுகின்றன. கணிதம் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம், சோதிடமும் வானியலும் வேறொரு பக்கம். ஆனால் ஆசிரியர் பெயர் அட்டைகள் இருக்கும் மர இழுப்பறையின் நியாயம் வேறு. அங்கே பெயர்தான் எல்லாம். வெள்ளைக்காரன் வழக்கப்படி 'கடைசிப் பெயரை' முன்னுக்கு இழுத்துப் போட்டு அட்டைகளை அடுக்கினால், ஒருவர் துறை இன்னொருவருக்கு அறவே புரியாத ஆட்கள் தோளோடு தோள் உட்கார்ந்துவிடுகிறார்கள். 'பிள்ளை' என்ற ஒரே சொல்லின் கீழ் யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

எஸ்.எஸ். பிள்ளை கணித மேதை. 1901இல் தென்பாண்டிச் சீமையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1930களில் எண் கோட்பாட்டில் வாரிங் கணக்கைப் பெருமளவுக்குத் தீர்த்தவர். 1950 ஆகஸ்டில், அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். அடுத்த அட்டை எஸ். வையாபுரிப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக்கொடுத்தவர். அதற்கடுத்து எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. 1922இல் வந்த அவருடைய பஞ்சாங்கக் கணக்கு நூல் இல்லாமல் கல்வெட்டுக்காரர்கள் பல ராஜாக்களின் தேதியைச் சொல்ல முடியாது. அதற்கடுத்து கே.கே. பிள்ளை. தமிழர் சமூக வரலாறு எழுதியவர். எண், சொல், நாள், வரலாறு - நான்கும் நான்கு திசை. சேர்த்துக் கட்டியிருப்பது பெயரின் வால் ஒன்றுதான்.

'ஐயங்கார்' அட்டைகளைப் புரட்டினாலும் இதே கூத்துதான். எம்.ஓ.பி. ஐயங்கார் குளத்துப் பாசியை ஆராய்ந்த தாவரவியலாளர். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர். பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் யோகாசனம் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். பாசி, பல்லவர், பத்மாசனம்!

மேலைநாட்டில் இது ஒரு வேடிக்கை. 2015இல் 'எகனாமிக் என்கொயரி' என்ற பொருளாதார ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் கடைசிப் பெயர் குட்மன். ரத்த உறவில்லை, கல்யாண உறவில்லை, ஒரே கல்லூரிகூட இல்லை. ஒரே கடைசிப் பெயருள்ள பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து எழுதுவதைப் பற்றித்தான் அந்தக் கட்டுரையே! நான்கு பேர் அப்படிச் சேர்ந்தது இதுவே முதல் தடவை என்று அவர்களே பெருமையும் அடித்துக்கொள்கிறார்கள். படித்தால் சிரிப்பு வரும், சிரிக்கலாம். குட்மன் என்ற பெயருக்காக அமெரிக்காவில் ஒருத்தனுக்குத் தனி டம்ளர் வைக்கவில்லை, சுடுகாட்டுப் பாதையை அடைக்கவில்லை.

நம்மூரில் பெயரின் வால் அப்படி வெறும் வால் அல்ல. அதே சமயம் அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேருவோம் என்றும் சொல்ல முடியாது. 'பிள்ளை' என்பதை வேளாளர் போட்டுக்கொண்டார்கள். இசை வேளாளர் போட்டுக்கொண்டார்கள், நாதசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை சாட்சி. மலையாளத்து நாயர்கள் போட்டுக்கொண்டார்கள், தகழி சிவசங்கரப் பிள்ளை சாட்சி. மேலே சொன்ன சாமிக்கண்ணுப் பிள்ளை கத்தோலிக்கக் கிறித்தவர். மதம் மாறினாலும் வால் மாறவில்லை. ஆக வால் ஒன்றானால் சாதி ஒன்று என்பதுகூட நிச்சயமில்லை. பின் அந்த வால் எதைத்தான் சொல்கிறது? 'இவன் மரியாதைக்குரியவன், இவனைப் பெயரோடு சேர்த்து ஒரு பட்டம் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்' என்று ஊர் ஒப்புக்கொண்டதைச் சொல்கிறது. நம் தாத்தாக்களைப் பட்டம் சொல்லிக் கூப்பிட்டவர் யார்? 'டேய்' என்பதுதான் அவர்களுக்கு ஊர் கொடுத்த பட்டம்.

எஸ்.எஸ். பிள்ளை பணக்காரர் அல்ல. ஓர் ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்து அவரைப் படிக்க வைத்தார். அவருடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே காலத்தில் அதே பக்கத்துச் சேரியில் எண்ணில் புலியான ஒரு பையன் பிறந்திருந்தால் அவனை எந்தப் பள்ளித் திண்ணை ஏற்றிக்கொண்டிருக்கும்? வறுமையைத் தாண்ட ஒரு நல்ல வாத்தியார் போதும். தீண்டாமையைத் தாண்ட அது போதாது.

இப்போது இன்னொரு இழுப்பறையைத் திறக்க வேண்டும். நூலகத்தில் ஆசிரியர் அட்டைகளைப் போலவே பொருள் அட்டைகளும் உண்டு. ஆசிரியர் இழுப்பறையில் தேடித் தேடிக் கிடைக்காத நம் சனங்கள் பொருள் இழுப்பறையில் நெரிசலாகக் கிடக்கிறார்கள்! 1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி போட்டார். அதே ஆண்டில் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சியின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தம் நூலின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். பறையர், புலையர், சக்கிலியர் என்று அகர வரிசையில் தலைப்புகள். அவர்கள் என்ன தின்கிறார்கள், எப்படிக் கல்யாணம் பண்ணுகிறார்கள், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் விவரம். எழுதியவருக்கு அட்டையில் பெயரும் பட்டமும் உண்டு. எழுதப்பட்டவருக்குச் சாதிப் பெயர் மட்டும்தான். ஒரு பக்கம் பட்டமாக இருக்கும் அதே சாதி, மறுபக்கம் தலைப்பாக, ஆராயப்படும் பொருளாக இருக்கிறது. நம் அறிவுத்துறை வரலாற்றை இந்த இரண்டு இழுப்பறைக்கும் இடையில் உள்ள தூரம் என்றே சொல்லிவிடலாம்.

இந்தத் தூரத்தைத் தாண்டியவர்களின் வரலாறுதான் நம் வரலாறு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. பொருள் இழுப்பறையில் கிடந்த சொல்லைத் தூக்கி வந்து பத்திரிகையின் முகப்பில் வைத்தார். வசவை விலாசமாக்கினார். 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவருக்குக் கற்பித்த ஆசானின் பெயர். அப்பன் வழி வந்த பட்டத்துக்குப் பதிலாக ஆசான் வழி வந்த பெயரைச் சூடிக்கொண்டார். மராட்டியத்தில் அம்படவே என்ற ஊரின் பெயரால் 'அம்படவேகர்' என்று பள்ளிப் பதிவேட்டில் ஏறிய ஒரு மகர் பையனுக்கு, ஆசிரியர் ஒருவர் தம் பெயரையே கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தப் பெயர் அம்பேத்கர். அந்த ஆசிரியரை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று எத்தனை பேர்? பெயருக்கு அர்த்தம் கொடுத்தது அதைச் சுமந்தவர்தான்.

சரி, அம்பேத்கர் என்ற ஒரே பெயரின் கீழ் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரை. 1923இல் ரூபாயின் சிக்கல். 1925இல் மாகாண நிதியின் வளர்ச்சி. 1936இல் சாதி ஒழிப்பு. 1946இல் சூத்திரர் யார் என்ற ஆய்வு. 1955இல் மொழிவாரி மாநிலம். 1957இல், அவர் இறந்த பிறகு, புத்தரும் அவர் தம்மமும். பிள்ளைகளும் ஐயங்கார்களும் பத்துப் பேர் சேர்ந்து நிரப்பும் துறைகளை இங்கே ஓர் ஆள் நிரப்புகிறார். வங்கியில் வேலை செய்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஹில்டன் யங் கமிஷன் முன் ரூபாயைப் பற்றிச் சாட்சியம் சொன்ன அம்பேத்கரை, 1935இல் வந்த ரிசர்வ் வங்கியின் முன்கதையோடு சேர்த்துப் படிக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. பதவி உயர்வுத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கிறவர்களுக்கும் அவர் 'சாதித் தலைவர்'தான். நாணயத்தைப் பற்றி எழுதினாலும் அவரைப் பொருள் இழுப்பறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

இப்போது வாலை வெட்டிய கதைக்கு வருவோம். 1927இல் பெரியார் தம் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை எடுத்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனே 'நாடார்' என்பதை விட்டார். இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம் இது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வரும் தொழிலாளிகள் கவுண்டரில் ஆதாரை நீட்டும்போது இதன் அருமை தெரியும். பாஸ்வான், மாஞ்சி, ராம் என்று பெயரிலேயே சாதி எழுதி ஒட்டியிருக்கிறது. தப்பித்துக்கொள்ள 'குமார்' என்று போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. நம் பையன் தன் பெயரையும் அப்பன் பெயரின் ஒற்றை எழுத்தையும் எழுதிவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். இந்த இனிஷியல் என்பது சின்ன விஷயம் இல்லை தோழர்களே. (அந்த எழுத்து அப்பனுடையதாகவே இருப்பதும், பெண்ணுக்குக் கல்யாணத்தோடு அது மாறிப்போவதும் தனியாகப் பேச வேண்டிய ஆண் கணக்கு.)

ஆனால் வால் போனதும் சாதி போயிற்றா? வான இயற்பியலாளர் சந்திரசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் சுப்பிரமணிய ஐயர். மகன் பெயரில் ஐயர் இல்லை. 1983இல் நோபல் பரிசு வாங்கும்போது அவர் வெறும் சந்திரசேகர். வால் இல்லாததால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. வீட்டில் புத்தகம் இருந்தது, மாநிலக் கல்லூரி இருந்தது, 1930இல் நோபல் வாங்கிய சி.வி. ராமன் சித்தப்பாவாக இருந்தார். அவர் மேதைமை அவருடையதுதான். நான் சொல்வது வேறு. பட்டம் கொடுக்க வேண்டியதையெல்லாம் மூன்று தலைமுறைக்குக் கொடுத்து முடித்த பிறகு, அதைக் கழற்றி வைப்பது சுலபம். ஏணியில் ஏறி மாடியில் உட்கார்ந்தபின் ஏணி எதற்கு?

நம் நிலைமை நேர் எதிர். நமக்கு வால் இல்லை, ஆனால் சாதிச் சான்றிதழ் உண்டு. கல்லூரியில் சேர அது வேண்டும், உதவித்தொகைக்கு அது வேண்டும், வேலைக்கு அது வேண்டும். வேண்டும்தான், அது நம் உரிமைச் சீட்டு, அதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதைக் காட்டுகிற ஒவ்வொரு தடவையும் எதிரில் இருக்கும் வாலில்லாத மனிதர் 'இந்தக் காலத்துலயும் சாதி பார்க்கிறீங்களே' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாரே, அதுதான் விஷயம். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 2002இல் எழுதினார்: மேல்சாதியார் சாதியைப் பண்பாடு, தொழில் என்று வேறு மொழியில் பேசிக்கொள்ளலாம், ஒடுக்கப்பட்டவர்தான் சாதியைச் சாதி என்றே பேசியாக வேண்டியிருக்கிறது என்று. 2013இல் சதீஷ் தேஷ்பாண்டே இதையே இன்னும் விரித்தார்: மேல்சாதியார் 'சாதியற்றவர்' ஆகிவிட்டார்கள், சாதி என்ற சுமை முழுக்கக் கீழே இருப்பவர் தலையில் இறங்கிவிட்டது. இரண்டு கட்டுரையையும் மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். நான் மேலே சொன்ன இரண்டு இழுப்பறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆசிரியர் அட்டையில் சாதி அழிந்துவிட்டது, பொருள் அட்டையில் அழியவில்லை.

அதனால்தான் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அறிஞர்களின் வாலை அரசே வெட்டியபோது முழு மனதோடு கைதட்ட முடியவில்லை. உ.வே. சாமிநாதையர் 'சாமிநாதர்' ஆனார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை 'மீனாட்சிசுந்தரனார்' ஆனார். நோக்கம் நல்ல நோக்கம்தான். சின்னப் பிள்ளைகள் மனதில் சாதி ஏறக்கூடாது என்பதில் நமக்கென்ன தகராறு? ஆனால் அந்தப் பையன் வளர்ந்து ஒரு கேள்வி கேட்பான். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏடு தேடிப் பதிப்பித்தவர்கள் யார், பல்கலைக்கழக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யார், ஏன் அவர்களில் நம்மாள் இல்லை என்று. அதற்கு விடை அந்த வால்களில்தான் எழுதியிருக்கிறது. வெட்டியபின் எல்லாரும் 'அறிஞர்', 'ஆர்' விகுதிக்காரர்! ஆதிக்கம் அழியவில்லை, ஆதிக்கத்தின் ரசீதுதான் கிழிந்தது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, 'ஆதிதிராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற ஒட்டுகளைப் பள்ளிப் பெயர்களிலிருந்து எடுக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இவற்றை நாம் வரவேற்கிறோம். அவமானத்தைச் சுமந்த சொல்லை அதைச் சுமந்தவன் இறக்கி வைப்பது விடுதலை. ஆதாயத்தைச் சுமந்த சொல்லை ஆதாயம் அடைந்தவன் மறைத்து வைப்பது தந்திரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான் நம் வாதம்.

அப்படியானால் என்ன செய்வது? இன்று எழுதும் எவரும், பேசும் எவரும் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டாம். அதில் சமரசம் இல்லை. நம்மில் சிலர் 'அவனுக்கு ஒரு வால் இருந்தால் நமக்கும் ஒன்று' என்று கிளம்புகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் வால் என்ற ஏற்பாடே மேலே ஒருவன், கீழே ஒருவன் என்ற அடுக்குக்குள் செல்லுபடியாகிற நாணயம். அந்தக் கஜானாவில் நமக்குக் கணக்கு வேண்டாம். அதே நேரம் பழைய நூலைப் பற்றி ஆய்வு எழுதும்போது தலைப்புப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே குறியுங்கள். ஐயர் என்றால் ஐயர், பிள்ளை என்றால் பிள்ளை. வரலாற்றுக்கு முகச்சவரம் செய்யாதீர்கள்.

அதைவிட முக்கியமாக, நமக்கு வேறொரு அலமாரி இருக்கிறது. அதை அடுக்க வேண்டும். அயோத்திதாசர் சித்த மருத்துவர். பொ. லட்சுமி நரசு அறிவியல் பேராசிரியர், 1907இல் பௌத்தத்தின் சாரம் பற்றி நூல் எழுதினார். அம்பேத்கர் பொருளாதாரமும் சட்டமும் படித்தவர். லட்சுமி நரசுவின் அந்த நூலுக்கு 1948இல் முன்னுரை எழுதி மறுபடி வெளிக்கொண்டுவந்தவர் அவர்தான். ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலில் 'தமிழன்' மரபைத் தொடர்ந்தவர். ஞான. அலாய்சியஸ் சமூகவியல் ஆய்வாளர். அவர் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் வந்த பிறகுதான் பண்டிதர் நம் கைக்கு முழுசாகக் கிடைத்தார். இவர்களுக்குள் ஒரே சாதியில்லை, ஒரே மொழியில்லை, ஒரே துறையில்லை. பொதுவான வால் ஒன்றும் இல்லை. எந்த இழுப்பறையும் இவர்களைப் பக்கத்தில் உட்கார வைக்காது. ஆனாலும் சாதி ஒழிய வேண்டும் என்ற ஒரே கேள்வி இவர்களைக் கோத்திருக்கிறது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுக்கிறார். பிள்ளைகளின் வரிசை தற்செயலாக அமைந்தது. இந்த வரிசை தேடிப் போய் அமைத்தது.

இந்த அலமாரியை எந்தப் பல்கலைக்கழகமும் நமக்காக அடுக்கித் தரப்போவதில்லை. ஆகவே அடுத்த இதழிலிருந்து ஒரு பட்டியல் தொடங்குகிறோம். தலித்துகள் எழுதிய ஆய்வு நூல், ஆய்வேடு, கட்டுரை - எந்தத் துறையானாலும் சரி. மண்ணியல், மருத்துவம், கணக்கு, பூச்சியியல், சட்டம், இசை. சாதியைப் பற்றி எழுதியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பூச்சியைப் பற்றி எழுதிய தலித்தையும் சாதித் தலைப்பின் கீழ் தள்ளுவதைத்தான் இத்தனை நேரம் திட்டிக்கொண்டிருந்தோம். பெயரைச் சேர்க்கச் சம்மதம் கேட்டுத்தான் சேர்ப்போம். தன்னை அடையாளம் காட்ட விரும்பாதவரை வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை, அவருடைய பயத்துக்கு இந்தச் சமூகம்தான் பொறுப்பு.

உங்கள் கல்லூரி நூலகத்தில், துறை அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் ஆய்வேடுகளைப் புரட்டுங்கள். தலைப்பு, ஆண்டு, எங்கே கிடைக்கும் என்ற மூன்று விவரத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் போதும். பெயரை ஆள் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுங்கள். முன்னெழுத்தை முன்னே போடுங்கள்.